முகத்தில் படர்ந்த பெரிய சிவப்புத் திட்டு: எந்த லேசர், எப்போது?

குழந்தை பிறந்த அன்றே கன்னத்திலும் நெற்றியிலும் சிவந்து படர்ந்த திட்டைப் பார்க்கும் பெற்றோர், அடுத்த சில மாதங்களில் ஒன்றுக்கொன்று முரணான ஆலோசனைகளைக் கேட்டுக் குழம்பிப் போகிறார்கள். ஒரு மருத்துவர் ஐந்து வயது ஆகட்டும் என்கிறார். இன்னொருவர் மூன்று மாதத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள் என்கிறார். லேசர் வைத்திருக்கும் அழகு நிலையம் ஆறு சிட்டிங்குக்குச் சேர்த்து ஒரே கட்டணம் என்று விளம்பரம் செய்கிறது. வீட்டுப் பெரியவர்கள், கிரகணத்தன்று வயிற்றுப்பிள்ளைக்காரி கை வைத்த இடம் அது என்று சொல்லிப் பழியைத் தாயின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள்.

அந்தப் பழியை முதலில் இறக்கி வைப்போம். போர்ட் வைன் திட்டு எனப்படும் இந்தச் சிவப்புக்குப் பெரும்பாலும் காரணம், ஜிஎன்ஏக்யூ என்ற மரபணுவில் நேரும் ஒரே ஓர் எழுத்து மாற்றம். 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். கரு உருவான பிறகு, அதன் ஏதோ ஒரு செல்லில் தற்செயலாக நேரும் மாற்றம் இது. அந்தச் செல்லின் வழிவந்த செல்கள் இருக்கும் இடத்தில் மட்டும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்தே நின்றுவிடுகின்றன. தாய் உண்டது, பார்த்தது, தொட்டது எதற்கும் இதில் பங்கில்லை. பரம்பரையாக வருவதும் இல்லை. ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்று பேருக்கு இது இருக்கிறது.

நாணய அளவுச் சிறு புள்ளியைப் பற்றி இங்கே எழுதவில்லை. பாதி முகம், கழுத்து, ஒரு கை அல்லது ஒரு கால் என்று பரந்து கிடக்கும் திட்டுகளைப் பற்றித்தான் பேசுகிறேன். பரப்பு கூடும்போது வலி, மயக்க மருந்து, செலவு, பயணம், எதிர்பார்ப்பு எல்லாக் கணக்கும் மாறிவிடுகிறது. எந்த மெஷின் நல்லது என்ற கேள்வியோடுதான் பெரும்பாலோர் வருகிறார்கள். என் பார்வையில் அது மூன்றாவது கேள்வி. திட்டின் பெயர் என்ன என்பது முதல் கேள்வி. பிள்ளைக்கு இப்போது என்ன வயது என்பது இரண்டாவது.

லேசருக்கு முன் பெயர்

பிறவியில் சிவப்பாகத் தெரிவதெல்லாம் ஒரே நோய் இல்லை. தவறான பெயரோடு தொடங்கும் சிகிச்சை பணத்தை மட்டுமா விழுங்குகிறது? காலத்தையும் சேர்த்து விழுங்குகிறது.

நெற்றியின் நடுவிலும் கண் இமைகளிலும் பிடரியிலும் வெளிறிய இளஞ்சிவப்பாகத் தெரிவது பலமுறை சாதாரணத் திட்டுதான். முகத்தில் இருப்பது ஓரிரு ஆண்டுகளில் தானே மங்கிவிடும். பிடரியில் இருப்பது நிலைக்கலாம், அதை முடி மறைத்துவிடும். இதற்கு லேசர் தேவையில்லை.

பிறந்து சில வாரம் கழித்துத் தோன்றி, வேகமாகத் தடித்து, செக்கச்செவேலென்று எழும்புவது ஹீமாஞ்சியோமா. இது கட்டி. பெரும்பகுதி வளர்ச்சி முதல் ஐந்து மாதங்களுக்குள் முடிந்து, பிறகு சில ஆண்டுகளில் மெல்லச் சுருங்கும். பெண் குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் அதிகம் வருகிறது. சிறியதாக, ஆபத்தில்லாத இடத்தில் இருந்தால் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். பெரியதாக, கண்ணருகிலோ மூக்கிலோ உதட்டிலோ இருந்தாலும், புண்ணாகத் தொடங்கினாலும் மருந்துதான் முதல் வழி. இதயநோய்க்குத் தரப்பட்டுவந்த ப்ராப்ரனோலால் இந்தக் கட்டியைச் சுருக்குவதை 2008இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் தற்செயலாகக் கவனித்து எழுதினார்கள். அதன் பிறகு சிகிச்சை முறையே மாறிப்போனது. வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும் பெரிய ஹீமாஞ்சியோமாவின் மேல் லேசர் அடித்தால் புண் ஏற்படக்கூடும். கட்டி சுருங்கிய பிறகு மிஞ்சும் சிவப்பு இழைகளை நீக்கும்போதுதான் லேசருக்கு நல்ல வேலை இருக்கிறது. இந்த மருந்தைக் கடையில் வாங்கித் தாங்களாகவே கொடுத்துவிடக் கூடாது. பால் சரியாகக் குடிக்காத நாளில் கொடுத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

பிறந்த அன்றே இருந்து, தட்டையாக, குழந்தையோடு சேர்ந்து அதே விகிதத்தில் வளர்ந்து, ஒருபோதும் தானே மறையாதது போர்ட் வைன் திட்டு. சிறு வயதில் இளஞ்சிவப்பு. வயது ஏற ஏற அடர்சிவப்பு, பிறகு ஊதா. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் பலருக்குத் தோல் தடித்து, முடிச்சுகள் எழும்பி, லேசாகப் பட்டாலே ரத்தம் கசிகிறது. பொறுத்திருங்கள், மறைந்துவிடும் என்று ஹீமாஞ்சியோமாவுக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை இதற்கும் சொல்லப்படுவதால் எத்தனையோ குழந்தைகள் தங்கள் நல்ல காலத்தை இழக்கிறார்கள். எனக்கு இதில் இருக்கும் ஆதங்கம் சிறியதன்று.

நீலமாகத் தெரிந்து, தலையைக் குனிந்தால் உப்பும் சிரைக் கோளாறும், தொட்டால் சூடாக இருந்து துடிக்கும் தமனிக் கோளாறும் வேறு வகை. மேல்தோல் லேசரால் அவற்றுக்குத் தீர்வு இல்லை. ரத்தநாளச் சிகிச்சை தெரிந்த கதிரியக்கத் துறையினரிடம் போக வேண்டியவை அவை.

பெரிய திட்டு என்றால் இன்னொரு சோதனையும் கட்டாயம். நெற்றியையும் மேல் இமையையும் பிடித்த போர்ட் வைன் திட்டோடு ஸ்டர்ஜ்-வெபர் கோளாறு சேர்ந்து வரக்கூடும். அப்படி வந்தால் வலிப்பும் கண் அழுத்த நோயும் வரலாம். கண் மருத்துவர் பிறந்த சில வாரங்களிலேயே பார்த்தாக வேண்டும், பிறகும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு கை கால் துடித்தாலோ பார்வை நிலைகுத்தினாலோ அன்றே நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். காலில் பரந்த திட்டோடு சிரை (ரத்தக்குழாய்) புடைத்து, அந்தக் கால் மட்டும் நீண்டு பருத்தால் க்ளிப்பல்-ட்ரனோனே கோளாறா என்று பார்க்க வேண்டும். லேசர் நிறத்தை மட்டும்தான் தொடும். கண் அழுத்தத்தையோ கால் நீளத்தையோ அது மாற்றாது.

இனி வருவது பெரும்பாலும் போர்ட் வைன் திட்டைப் பற்றி.

எதை வைத்து எடைபோடுவது

இடம். நெற்றி, கன்னத்தின் ஓரம், கழுத்து ஆகிய இடங்கள் நன்றாக மங்குகின்றன. மூக்கை ஒட்டிய நடுக்கன்னமும் மேலுதடும் பிடிவாதமானவை. கையும் காலும், அதிலும் முழங்காலுக்குக் கீழும் முழங்கைக்குக் கீழும், இன்னும் பிடிவாதம்.

தோலின் நிறம். லேசரின் ஒளியை ரத்தச் சிவப்பு உறிஞ்சி, அந்த வெப்பத்தில் நுண்குழாய் கருகி மூடுவதுதான் சிகிச்சை. ஆனால் நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் இருக்கும் மெலனின் என்ற நிறமியும் அதே ஒளியை மேலேயே பிடித்துக்கொள்கிறது. இதனால் ரத்தக்குழாய்க்குப் போய்ச் சேரும் ஆற்றல் குறைகிறது, மேல்தோல் சுடும் வாய்ப்பு கூடுகிறது. வெள்ளைத் தோலில் கிடைத்த பலனின் புகைப்படங்களைக் காட்டி நமக்கு வாக்குறுதி தரும் இடங்களை நம்ப வேண்டாம். நம் நிறமுள்ளவர்களுக்குச் செய்த சிகிச்சையின் படங்களைக் கேளுங்கள்.

வயது, மயக்க மருந்து, பலன் எவ்வளவு நாள் நிற்கும் என்பவையும் கணக்கில் வர வேண்டும். அவற்றை லேசரைப் பேசும்போதே சொல்கிறேன்.

செலவுக்கு மட்டும் இங்கேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லேசர் ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரு சிறு வட்டத்தைத்தான் தொடுகிறது. 7 மில்லிமீட்டர் வட்டத்தின் பரப்பு சுமார் 0.38 சதுர சென்டிமீட்டர். திட்டு 100 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒன்றின் மேல் ஒன்று படாமல் வைத்தாலே ஒரு சிட்டிங்குக்கு 260 ஷாட் ஆகிறது. இடைவெளி விடாமல் ஓரங்கள் சற்று மேலேறும்படி அடிப்பதால் அதற்கும் மேல். 10 மில்லிமீட்டர் வட்டத்தில் அதுவே 127. அதனால் ஒரு சிட்டிங் எவ்வளவு என்ற கேள்வி மட்டும் பயன்படாது. கட்டணம் ஷாட்டுக்கா, பரப்புக்கா, சிட்டிங்குக்கா என்றும், எவ்வளவு வட்டம் பயன்படுத்துவார்கள் என்றும் கேட்க வேண்டும். வட்டம் பெரிதானால் ஒளி ஆழமாகவும் போகும். ஆனால் அந்த அளவு வட்டத்துக்குப் போதிய ஆற்றலைத் தரும் திறன் மெஷினுக்கு இருக்க வேண்டும்.

வழி 1: இப்போதைக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது

இதுவும் மதிக்கத்தக்க முடிவு. மிகைல் கோர்பசேவ் நெற்றியில் படர்ந்த திட்டோடுதான் சோவியத் நாட்டை ஆண்டார். 2022இல் 91 வயதில் மறையும்வரை அது அவரோடு இருந்தது. முதுகிலும் தொடையிலும் இருக்கும் வெளிறிய திட்டு, அதைப் பற்றிக் கவலைப்படாத ஒருவரின் உடலில் இருந்தால் அதைத் தொட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

முகத்தில் இருந்தால் காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. நிறம் அடர்ந்து குழாய்கள் விரிந்துவிட்டால் லேசருக்கு அவை எளிதில் வசப்படுவதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதன்முதலாகக் கேலியைக் கேட்கும் வயது, லேசருக்கு முழு மயக்கம் தேவைப்படும் வயதோடு ஒன்றாக வந்து நிற்கிறது. மேல் ஈறைத் தொடும் திட்டாக இருந்தால் ஈறு வீங்கி ரத்தம் வடியலாம். ஆகவே சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் பல் மருத்துவரும் கண் மருத்துவரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்பில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். சுண்ணாம்பும் காரமும் வைத்து எரிப்பது, ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகுக் களிம்பைத் தேய்ப்பது இரண்டும் தோலைக் கெடுக்கும். எரித்த இடத்தில் தழும்பு விழுந்தால் பிறகு நல்ல லேசரும் தடுமாறும். ஸ்டீராய்டு தோலை மெலிய வைத்து ரத்தக்குழாய்களை இன்னும் எடுப்பாகக் காட்டும்.

வழி 2: பல்ஸ்டு டை லேசர்

இதைப் பற்றி நீண்டு பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் போர்ட் வைன் திட்டுக்கு உலகம் முழுவதும் முதலில் கையாளப்படும் முறை இதுதான். 1970களில் ஆர்கான் லேசர் இருந்தது. திட்டை மங்கச் செய்தது, கூடவே தழும்பையும் விட்டுச் சென்றது. 1983இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பேரிஷும் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். ரத்தச் சிவப்பு நன்றாக உறிஞ்சும் அலைநீளத்தைத் தேர்ந்து, வெப்பம் பக்கத்துத் திசுவுக்குப் பரவுவதற்குள் முடிந்துவிடும் மிகக் குறுகிய துடிப்பாக ஒளியைக் கொடுத்தால், குழாய் மட்டும் சேதமாகும், சுற்றியுள்ள தோல் தப்பும் என்பதே அது. அதிலிருந்து பிறந்த கருவி இது. சாயக் கரைசலைக் கொண்டு ஒளியை உண்டாக்குவதால் டை லேசர் என்று பெயர். இன்று பெரும்பாலும் 595 நானோமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்கிறது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு நொடியின் சிறு பங்குக்கு முன் குளிர்வாயுவைத் தெளித்து மேல்தோலைக் காக்கிறது. நம் தோலுக்கு இந்தக் குளிர்விப்பு இன்றியமையாதது.

பலனைப் பற்றி நேராகச் சொல்ல வேண்டும். பெரும்பாலோருக்குத் திட்டு கணிசமாக மங்குகிறது. முழுவதுமாக மறைவது சிறுபான்மையினருக்குத்தான், சுமாராக ஐந்தில் ஒருவருக்கு. நான்கு முதல் எட்டு வாரம் இடைவெளியில் பத்து, பதினைந்து, இருபது சிட்டிங் வரை போவது பெரிய திட்டில் சாதாரணம். முதல் நான்கைந்து சிட்டிங்கில் கிடைக்கும் முன்னேற்றம் பின்னால் வரும் சிட்டிங்குகளில் குறைந்துகொண்டே வருகிறது. நெதர்லாந்து மருத்துவர்கள் பத்தாண்டு கழித்து நோயாளிகளை மீண்டும் அளந்து 2007இல் வெளியிட்ட முடிவில், சிகிச்சை முடிந்தபோது இருந்ததைவிடத் திட்டு மீண்டும் ஓரளவு அடர்ந்திருந்தது. ஆனாலும் சிகிச்சைக்கு முன் இருந்த நிறத்தைவிட வெளிறித்தான் இருந்தது. ஆகவே பின்னாளில் ஓரிரு சிட்டிங் மறுபடி தேவைப்படும் என்று இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வயதில் என்பதில்தான் கருத்து வேறுபாடு. குழந்தையின் தோல் மெலிது, குழாய்கள் நுண்ணியவை, திட்டு சிறியது, ஆகவே சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம் என்று பலர் சொல்கிறார்கள். 1998இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வொன்று வயதுக்கும் பலனுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. இரண்டையும் வைத்துப் பார்த்தும், முகத்தில் பெரிய திட்டு என்றால் முதல் ஆண்டில் தொடங்குவதையே நான் சரி என்பேன். மயக்க மருந்துதான் அதற்குக் காரணம்.

சில மாதக் குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி, கண்ணுக்குக் காப்பு வைத்து, விழித்திருக்கும்போதே சில நிமிடங்களில் சிகிச்சையை முடித்துவிடலாம். அழும், சூடான ரப்பர் வளையம் சுண்டியதுபோல் ஒவ்வொரு ஷாட்டும் சுரீரென்று படும், தாயின் மடிக்கு வந்ததும் சிறிது நேரத்தில் அடங்கும். ஒன்றரை வயதுக்கு மேல் அதே குழந்தை உதறித் திமிறும். அப்போது பெரிய பரப்புக்கு முழு மயக்கம்தான் வழி. ஏழெட்டு வயதுக்கு மேல் சில பிள்ளைகள் மரத்துப்போகும் களிம்போடு தாங்கிக்கொள்கிறார்கள். இடைப்பட்ட அந்தச் சில ஆண்டுகளில் தொடங்கினால் ஒவ்வொரு சிட்டிங்கும் ஓர் அறுவைசிகிச்சை நாளைப் போல ஆகிவிடுகிறது. வெறும் வயிறு, மயக்கவியல் மருத்துவர் கட்டணம், அறைக் கட்டணம், ஒரு நாள் விடுப்பு.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கமோ திரும்பத் திரும்பத் தரும் மயக்கமோ மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016 டிசம்பரில் எச்சரித்தது. ஒரேயொரு முறை, ஒரு மணி நேரத்துக்குள் தரும் மயக்கத்தால் ஐந்து வயதில் அறிவுத்திறன் குறைவு தென்படவில்லை என்று 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஆறுதல் தந்தது. போர்ட் வைன் திட்டில் கேள்வி ஒருமுறை மயக்கத்தைப் பற்றியதாக இருப்பதில்லை, பத்து முறை மயக்கத்தைப் பற்றியதாக இருக்கிறது. ஆகவே மயக்கம் இல்லாமல் முடிக்கக்கூடிய மாதங்களை வீணாக்கக் கூடாது என்பதே என் வாதம்.

களிம்பிலும் ஓர் எச்சரிக்கை. வீட்டிலேயே பூசிக்கொண்டு வாருங்கள் என்று சில இடங்களில் சொல்வார்கள். ப்ரிலோகெய்ன் கலந்த களிம்பைக் கைக்குழந்தையின் பெரிய பரப்பில் தாராளமாகப் பூசினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து குழந்தை நீலம் பூத்துவிடலாம். எத்தனை கிராம், எவ்வளவு நேரம் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் ஒவ்வொரு ஷாட் பட்ட இடமும் ஊதாவாகக் கன்றிப்போகும். பத்து நாள், இரண்டு வாரம் அப்படித்தான் இருக்கும். இமை வீங்கி ஓரிரு நாள் கண் திறக்காமல் இருக்கலாம். பார்க்கிறவர்கள் குழந்தையை அடித்தீர்களா என்று கேட்பார்கள். வீட்டில் எல்லோரையும் முன்கூட்டியே தயார்ப்படுத்திவிடுங்கள். கன்றாமலே முடித்துத் தருகிறோம் என்று ஒரு நிலையம் சொன்னால், ஆற்றலைக் குறைத்து அடிக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

நம் தோலில் சில மாதம் கரும்படலம் தங்குவது பரவலாக நடக்கிறது, பிறகு மங்கிவிடும். வெள்ளைத் திட்டு விழுவது அரிது, விழுந்தால் நீண்ட நாள் நிற்கும். வெயிலில் கறுத்த தோலில் லேசர் அடித்தால் இரண்டும் கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் தொப்பியும் போதும். திருஷ்டிக்காகக் கன்னத்தில் வைக்கும் மைப்பொட்டையும், பூசிய மஞ்சளையும் சந்தனத்தையும் சிட்டிங்குக்கு முன் ஒரு துளியும் மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். கறுப்பு மை ஒளியை அப்படியே உறிஞ்சி அந்த இடத்தைச் சுட்டுவிடும்.

இந்த லேசர் எல்லா ஊரிலும் இல்லை. சாயக் கரைசலை அடிக்கடி மாற்ற வேண்டும், பராமரிப்புச் செலவு அதிகம், அதனால் பல மருத்துவமனைகள் இதை வாங்குவதில்லை. பேருந்திலோ ரயிலிலோ பெருநகரத்துக்குப் போய்த் தங்கித் திரும்பும் செலவு சிகிச்சைக் கட்டணத்துக்கு ஈடாகவே வந்துவிடலாம்.

வழி 3: ஆழமாகப் பாயும் லேசர்கள்

755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட், 1064 நானோமீட்டர் என்டி யாக் ஆகிய இரண்டும் டை லேசர் எட்டாத ஆழத்துக்குப் போகின்றன. தடித்து ஊதாவாகிப்போன திட்டு, முடிச்சு விழுந்த உதடு, டை லேசரில் பத்து சிட்டிங்குக்குப் பின் நின்றுபோன முன்னேற்றம் ஆகிய இடங்களில் இவை பயன் தருகின்றன. 1064இல் மெலனின் குறைவாகவே ஒளியை உறிஞ்சுவதால் கறுத்த தோலுக்குப் பாதுகாப்பு என்று சொல்லி விற்கிறார்கள். முடி நீக்குவதற்கு அது உண்மை. ரத்தக்குழாய்க்கு அடிக்கும்போது நிலைமை வேறு. ரத்தமும் அந்த ஒளியைக் குறைவாகவே உறிஞ்சுவதால் ஆற்றலை மிகவும் கூட்ட வேண்டியிருக்கிறது. பலன் தரும் அளவுக்கும் தோலைச் சுட்டுத் தழும்பாக்கும் அளவுக்கும் இடையே இடைவெளி மிகக் குறுகியது. அனுபவமில்லாத கையில் பாதி முகத்தை ஒப்படைக்கக் கூடிய கருவி இது இல்லை.

இன்னொன்றைப் பலரும் சொல்வதில்லை. இவை முடி நீக்கும் லேசர்களும்கூட. புருவத்தில் அடித்தால் புருவம் போகலாம். ஆண் குழந்தையின் தாடை, மேலுதடு முழுக்க இவற்றால் அடித்துவிட்டால் நாளைக்குத் தாடி திட்டுத்திட்டாக வளரக்கூடும். பெற்றோர் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

வழி 4: ஐபிஎல்

இன்டென்ஸ் பல்ஸ்டு லைட் என்பதன் சுருக்கம் இது. லேசரே அன்று, பல அலைநீளங்கள் கலந்த பளிச்சென்ற விளக்கொளி. பெரிய சதுரமாக அடிப்பதால் பரந்த திட்டு சீக்கிரம் முடிந்துவிடும், கருவி சிற்றூர்களிலும் கிடைக்கிறது, கட்டணம் குறைவு. ஆனால் அந்தக் கலவையில் மெலனின் விரும்பி உறிஞ்சும் ஒளியும் இருக்கிறது. கறுத்த தோலில் சதுரம் சதுரமாக அச்சுப்போல் தடம் பதிய வாய்ப்புண்டு. டை லேசரே கிடைக்காத இடத்தில், மாநிறத் தோலிலோ அதைவிட வெளிறிய தோலிலோ, ரத்தக்குழாய்ச் சிகிச்சையில் பழகிய மருத்துவரின் கையில் என்றால் யோசிக்கலாம். பொது அழகு நிலையத்தில் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

மற்றவை

சீனாவில் ஹெமோபார்பின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றிப் பச்சை ஒளியைப் பாய்ச்சும் முறை அனுமதி பெற்றுப் பரவலாக நடக்கிறது. ஒரே முறையில் பெரிய பரப்பு முடியும். பிறகு சில வாரம் வெயிலே படாமல் இருக்க வேண்டும். நமக்கு அருகில் எளிதில் கிடைக்கும் வழி இல்லை.

மறைப்புப் பூச்சு சிகிச்சை இல்லை என்றாலும் துணை. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் திருமணம், நேர்முகத் தேர்வு போன்ற நாட்களுக்கு நன்றாக உதவும். தோல் நிறத்துக்குப் பொருந்தும் நீர்புகாத வகையை வாங்கி, முழங்கையின் உட்புறத்தில் பூசி ஒவ்வாமை பார்த்த பிறகு பயன்படுத்துங்கள். நம் வியர்வையில் தினமும் போடுவது எளிதில்லை.

தடித்துத் தொங்கும் உதட்டுக்கு லேசர் போதாது. அதைக் குறைப்பது பிளாஸ்டிக் சர்ஜன் வேலை.

| வழி | எங்கே சிறந்தது | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|
| காத்திருத்தல் | உடையில் மறையும் வெளிறிய திட்டு | முகத்தில் என்றால் நிறம் அடர்வது, மயக்கமின்றிச் செய்யும் காலம் போவது |
| டை லேசர், முதல் ஆண்டில் | முகம், கழுத்து | பயணம், கன்றிய நாட்கள், குழந்தையின் அழுகை |
| டை லேசர், ஒன்றரை முதல் ஏழு வயதில் | முன்பே தொடங்க முடியாதவர்கள் | திரும்பத் திரும்ப முழு மயக்கம் |
| அலெக்ஸாண்ட்ரைட், என்டி யாக் | தடித்த, முடிச்சு விழுந்த திட்டு | தழும்பு, புருவமும் தாடியும் இழப்பது |
| ஐபிஎல் | டை லேசர் இல்லாத ஊர், மாநிறமும் அதைவிட வெளிறிய தோலும் | கறுத்த தோலில் சதுரத் தடம் |

யாருக்கு எது

மூன்று மாதக் குழந்தை, பாதி முகத்தில் தட்டையான போர்ட் வைன் திட்டு. கண், நரம்புச் சோதனை முடிந்ததும் டை லேசரைத் தேடிப் போங்கள். உள்ளூர் ஐபிஎல்லில் பத்து முறை போவதற்குப் பதிலாக, தொலைவில் இருக்கும் டை லேசருக்கு ஐந்து முறை போவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

நான்கு வயதுக் குழந்தை என்றால் அவசரம் குறைவு. பள்ளி விடுமுறையில் ஓரிரு முறை மயக்கத்தோடு செய்து, எவ்வளவு மங்குகிறது என்று பார்த்து, மீதியைக் குழந்தை தாங்கும் வயதுக்கு வைத்துக்கொள்வது நல்ல சமரசம். மயக்கத்தின்போது முகமூடி வழியே போகும் ஆக்சிஜன் அருகில் தலைமுடியும் துணியும் லேசர் பட்டுத் தீப்பிடிக்கக்கூடும். மயக்கவியல் மருத்துவரும் லேசர் மருத்துவரும் இணைந்து பழகிய மருத்துவமனையாகப் பாருங்கள்.

கால் முழுக்கப் பரந்த திட்டு. பலன் மிகக் குறைவு, ஷாட் மிக அதிகம். காலுறை, எலும்பு மருத்துவரின் அளவீடு, புடைத்த சிரையின் சிகிச்சை ஆகியவற்றுக்கே முதல் பணம் போகட்டும்.

வளரிளம் பருவத்தினர் என்றால் முடிவை அவர்களிடமே விடுங்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் முகம் பழகியிருக்கும். மாற்ற விரும்புவது பெற்றோரா பிள்ளையா என்பதைத் தனியே உட்காரவைத்துக் கேளுங்கள்.

நாற்பது வயதில் திட்டு தடித்து ரத்தம் கசியத் தொடங்கியவர்களுக்கு இது தாமதமில்லை. முடிச்சுகளை அலெக்ஸாண்ட்ரைட்டாலோ சிறு அறுவையாலோ தட்டையாக்கி, பிறகு டை லேசரால் நிறத்தைக் குறைக்கும் இரட்டை வழி அவர்களுக்கு உண்டு. ரத்தம் கசிவது நின்றாலே தலையணை உறை மாற்றும் தொல்லையும், முகம் கழுவும் பயமும் தீரும்.

பணம் கட்டுவதற்கு முன்

லேசரின் பெயரையும் அலைநீளத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அடிப்பவர் தோல் மருத்துவரா, பயிற்சி பெற்ற உதவியாளரா என்று கேளுங்கள். ஓரத்தில் ஒரு சிறு இடத்தில் சோதனை ஷாட் போட்டு, ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பார்த்துவிட்டு முழுத் திட்டுக்குப் போவது நம் நிறத்துக்கு அவசியம். இமைக்கு அருகில் என்றால் கண்ணுக்குள் பொருத்தும் உலோகக் காப்பு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வெளியே ஒட்டும் துணி அங்கே போதாது.

ஆறு சிட்டிங்குக்கு முன்பணம் கட்டாதீர்கள். மூன்றாவது சிட்டிங்குக்குப் பிறகுதான் எவ்வளவு வரும் என்று ஓரளவு தெரியும். ஒவ்வொரு முறையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் படம் எடுக்கச் சொல்லி உங்களுக்கும் ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனங்கள் இதை அழகுக்கான சிகிச்சை என்றோ வெளியே தெரியும் பிறவிக் குறை என்றோ வகைப்படுத்தி மறுக்கக்கூடும். ரத்தக் கசிவு, கண் பாதிப்பு, தடித்தல் ஆகியவற்றைக் குறிப்பிட்டு மருத்துவர் எழுதிய கடிதத்தோடு முன்அனுமதி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கையில் இருக்கும் பணம் ஐந்து சிட்டிங்குக்கு மட்டுமே போதும் என்றால், தள்ளிப்போடாமல் அந்த ஐந்தையும் முதல் ஆண்டிலேயே முகத்துக்குச் செலவிடுங்கள். கழுத்துக்குக் கீழே இருப்பது காத்திருக்கலாம்.